எந்த ஏரியா சார்?

கார் வாங்கப் போகிறவனிடம் முதலில் என்ன கேட்பார்கள்? எந்த மாடல், என்ன கலர், கையில் எவ்வளவு இருக்கிறது, இப்படித்தானே கேட்க வேண்டும். என்னிடம் போன இடத்திலெல்லாம் முதலில் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எந்த ஏரியா சார்?" இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கார் எனக்கில்லை, என் மனைவிக்கு. அவள் ராயபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். வீடு திருவொற்றியூரில். நடுவில் இருக்கிற ரோட்டில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். அந்த வரிசைக்கும் ஓரத்துப் புழுதிக்கும் நடுவில் ஷேர் ஆட்டோ நுழைந்து போக வேண்டும். இருபத்தைந்து வருஷம் அப்படிப் போய் வந்ததில் அவளுக்கு வீசிங் வந்து நிரந்தரமாகத் தங்கிவிட்டது. போன மழைக்காலத்தில் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். டாக்டர் முகத்துக்கு நேராகச் சொன்னார், ஒன்று வேலையை விடுங்கள், இல்லாவிட்டால் மூடின வண்டியில் போங்கள் என்று.

அவளுக்கு இன்னும் ஆறு வருஷ சர்வீஸ் இருந்தது. அவள் வீட்டில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் ஆள் அவள். வேலையை விடுகிற பேச்சை எடுத்தாலே முகம் மாறிவிடும்.

"வேலைய வுட்டுட்டு வூட்ல குந்திகினு இன்னா பண்ணச் சொல்ற? இங்க மட்டும் தூசி இல்லியா?" என்று கேட்டாள்.

அதுவும் உண்மைதான். எண்ணூர் அனல் மின் நிலையத்துப் பக்கமிருந்து காற்று அடிக்கிற நாளில் எங்கள் மொட்டை மாடியில் காயப்போட்ட வெள்ளைச் சேலையை உதறினால் சாம்பல் கொட்டும்.

கரண்டு கார் என்று முடிவு செய்ததும் அவள்தான். லாரி வரிசையில் மாட்டிக்கொண்டால் ஒரு மணி நேரம் பெட்ரோல் வண்டி சும்மா நின்றே குடிக்கும், இது குடிக்காது என்றாள். ஐம்பத்து நாலு வயதில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, எட்டுப் போட்டு, லைசென்ஸ் எடுத்தாள். விலை விசாரிக்கிற வேலையை மட்டும் என்னிடம் விட்டாள்.

அது எனக்குக் கைவந்த வேலை. நான் துறைமுகத்துக்கு எதிரில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் முப்பது வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். அங்கே ஒரு பேனா வாங்குவதானாலும் மூன்று கொட்டேஷன் வேண்டும். சரக்கை வெளியே எடுத்துக் கொடுத்து, பார்ட்டிக்குப் பில் எழுதுவதும் நான்தான். 'இதர செலவுகள்' என்ற ஒரு வரிக்குள் எதையெல்லாம் அடைக்கலாம் என்று எனக்குத் தெரிகிற மாதிரி இந்த ஊரில் அதிகம் பேருக்குத் தெரியாது. என்னையா ஏமாற்றுவார்கள் என்ற தெனாவட்டோடுதான் கிளம்பினேன்.

முதலில் போனது எங்கள் ஹைரோட்டிலேயே இருக்கிற ஷோரூம். அங்கே பேசியவர் வண்ணாரப்பேட்டைக்காரர், என் வயது இருக்கும். ஏரியாவைக் கேட்டார், சொன்னேன். கம்ப்யூட்டரில் தட்டி ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். வண்டி விலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அது எல்லா இடத்திலும் ஒன்றுதான். அதற்குக் கீழே இருந்த வரிகள்தான் வயிற்றெரிச்சல். லோன் வட்டி பேப்பரில் போட்ட விளம்பரத்தைவிட இரண்டு பர்சன்ட் அதிகம். வீட்டில் சார்ஜர் மாட்ட 'சைட் சார்ஜ்' என்று தனியாக ஒரு தொகை. விளம்பரத்தில் அதுவும் இலவசம். இன்சூரன்சும் தூக்கலாக இருந்தது.

ஏன் என்று கேட்டேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சார், லோன் கம்பெனிக்காரன் நம்ம ஏரியாவ நெகட்டிவ் லிஸ்ட்ல வெச்சிகீறான். என் வூடும் அதுல தான் கீது. நான் பைக் வாங்கசொல்லோ எனக்கே இந்த வட்டி தான் போட்டானுங்க. இன்னா பண்றது சொல்லு?"

நான் வாங்கின கடனில் ஒரு மாதம் தவணை தவறியது கிடையாது. என் மனைவியின் சம்பளம் ஒன்றாம் தேதி பேங்கில் விழுகிறது. அதையெல்லாம் யாரும் பார்க்கவில்லை. பின்கோடைப் பார்த்தார்கள், போதுமாம். இந்த வண்டி ஓடுகிற கரண்டு எங்கள் வீட்டுப் பின்னால் எரிகிறது, அதன் சாம்பலைச் சேலையிலிருந்து உதறுகிறவர்கள் நாங்கள், அந்தக் கரண்டில் ஓடுகிற வண்டிக்கு எங்களுக்குத்தான் விலை அதிகம். தாளை நாலாக மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அங்கேயே நின்றிருந்தால் அந்த மனிதரைத்தான் திட்டியிருப்பேன்.

அடுத்து கிண்டிப் பக்கம் ஒரு பெரிய ஷோரூமுக்குப் போன் போட்டேன். "எந்த ஏரியா சார்?" திருவொற்றியூர் என்றேன். "ஓ, அந்த சைடா" என்று ஒரு பையன் இழுத்தான். டெஸ்ட் டிரைவுக்கு வண்டி வீட்டுக்கு வராது, நீங்கள்தான் வர வேண்டும் என்றான். வாட்ஸப்பில் அனுப்பிய கொட்டேஷன் ஹைரோட்டுத் தாளுக்கு அண்ணன்.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெளியாட்கள் யாராவது எந்த ஊர் என்று கேட்டால் நாங்கள் ஒரு ஸ்டாப் தள்ளிச் சொல்வோம். வியாசர்பாடிக்காரன் பெரம்பூர் என்பான். நெட்டுக்குப்பத்துக்காரன் எண்ணூர் என்பான், எண்ணூர்க்காரன் திருவொற்றியூர் என்பான். திருவொற்றியூர்க்காரனான நான் 'ராயபுரம் பக்கம்' என்பேன். வேலைக்கு மனுப் போட்ட காலத்தில் ஆரம்பித்தது. முதல் இன்டர்வியூவில் ஊரைச் சொன்னதும் எதிரில் இருந்தவர் பேனாவை மூடி வைத்தார். இரண்டாவதில் ராயபுரம் என்றேன், வேலை கிடைத்தது. கல்யாணப் பத்திரிகை வரைக்கும் அதையே அடித்தேன். பொய் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

அந்தப் பழக்கத்தை விலை விசாரிப்பதிலும் காட்டினேன். மறுநாள் ஆபீஸ் போனிலிருந்து அதே கிண்டி ஷோரூமைக் கூப்பிட்டேன். ராயபுரம் என்றேன். சைட் சார்ஜ் பாதியானது. அதற்கும் மறுநாள் இன்னொரு நம்பரிலிருந்து கூப்பிட்டு, ஆதம்பாக்கம் என்றேன். என் மச்சான், மனைவியின் தம்பி, அங்கே இருக்கிறான். வட்டி இரண்டு பர்சன்ட் இறங்கியது, சைட் சார்ஜ் காணாமல் போனது, இன்சூரன்சில் தள்ளுபடி வந்தது, நாளைக்கே டெஸ்ட் டிரைவுக்கு வண்டியை வாசலுக்கு அனுப்புகிறோம் மேடத்தை ரெடியாக இருக்கச் சொல்லுங்கள் என்றான் அதே பையன். கிண்டியிலிருந்து வந்த மூன்றையும் பிரிண்ட் எடுத்து, மூன்று தாளையும் மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். கார் ஒன்று, கலர் ஒன்று, வாங்குகிறவன் ஒருவன். முதல் தாளுக்கும் மூன்றாவதற்கும் வித்தியாசம் அறுபத்தோராயிரம் ரூபாய்.

கோபம் வந்திருக்க வேண்டும், வந்தது. ஆனால் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு நான் செய்தது என்ன? மச்சானிடம்கூடச் சொல்லாமல், அவன் வீட்டில் நாங்கள் வாடகைக்கு இருப்பதாக ஒரு பத்திரம் தயார் செய்தேன். காகிதம் தயார் செய்வதுதானே என் பிழைப்பு. அட்வான்ஸ் கட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து, நல்ல விலைக்கு முடித்துவிட்டேன் என்று மட்டும் சொன்னேன். அவள் சந்தோஷத்தில் ஒன்றும் துருவிக் கேட்கவில்லை.

காகிதத்தில் இவ்வளவு கெட்டிக்காரத்தனம் காட்டியவனுக்கு ஒரு சின்ன விஷயம் உறைக்கவில்லை. சார்ஜரை எந்த வீட்டில் மாட்டுவார்கள்? பத்திரத்தில் இருக்கிற வீட்டில்தானே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மச்சானிடமிருந்து போன் வந்தது. நான் குளித்துக்கொண்டிருந்தேன், அவள் எடுத்துவிட்டாள். மூச்சு இழுக்கிறது என்று அப்போதுதான் முகமூடி மாட்டி மருந்துப் புகை பிடித்துக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் அவன் குரல் எனக்குப் பாத்ரூம் வரை கேட்டது.

"அக்கா, மாமா எங்க? ரெண்டு பேரு டிரில்லிங் மெஷின் எடுத்துகினு வந்து எங்க செவுத்துல ஓட்ட போடணும்னு நிக்கிறானுங்க. உங்க கார் சார்ஜராம்."

நான் தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அவள் முகமூடியைக் கழற்றிவிட்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று தாள், அறுபத்தோராயிரம், வாடகைப் பத்திரம். சொல்லச் சொல்ல நான் செய்தது சாமர்த்தியம் என்று எனக்கே நிலைநாட்டிக்கொண்டிருந்தேன்.

அவள் கத்தவில்லை. கத்த மூச்சு இல்லை. விட்டு விட்டுப் பேசினாள்.

"வருசா வருசம் ஃபாரம் எழுதசொல்லோ பசங்க வேற ஊரு பேரு எழுதிகினு வரும். அத்த கோடு போட்டு அடிச்சிட்டு, உன் தெரு பேர எழுதுடான்னு சொல்றவ நானு. வியாசர்பாடின்னா வியாசர்பாடின்னு எழுதுன்னு. இருபத்தஞ்சு வருசமா சொல்லிகினு கீறேன். என் வூட்லயே இன்னா பண்ணி வெச்சிகீற நீ?"

"உன் மூச்சுக்காகத்தான் பண்ணேன்" என்றேன்.

"அந்த வண்டில நான் ஏற மாட்டேன். ஆட்டோலயே போறேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான். அடுத்த சனிக்கிழமை கிண்டி ஷோரூமுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். மூன்று தாளையும் மேனேஜர் முன்னால் வைத்து, பரீட்சைப் பேப்பர் திருத்துகிற சிவப்புப் பேனாவால் மாறுகிற வரிகளை எல்லாம் வட்டம் போட்டாள். வகுப்பில் அவள் பேசுகிற தமிழ் வேறு. அன்று வேண்டுமென்றே எங்கள் பாஷையில் பேசினாள்.

"இந்தத் தாள்ல கீற வண்டிக்கு நாலு சக்கரம், அந்தத் தாள்ல கீற வண்டிக்கும் நாலு சக்கரம். அப்பறம் இன்னாத்துக்கு இந்தக் காசு?"

சிஸ்டம் அப்படிக் காட்டுகிறது மேடம் என்றார் மேனேஜர். சிஸ்டத்துக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டாள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தபடி, ஆதம்பாக்கம் அட்ரஸே இருக்கட்டுமே, உங்களுக்குத்தானே லாபம் என்றார். அந்தச் சிரிப்பில் என்னையும் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டிருந்தார். அவர் மேல் வந்த ஆத்திரத்தில் பாதி என் மேல்தான் என்று அப்போதே தெரிந்தது. புக்கிங்கை ரத்து செய்தோம், ஐந்தாயிரம் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தார்கள்.

கடைசியில் எங்கள் ஹைரோட்டு ஷோரூமிலேயே, அந்த வண்ணாரப்பேட்டைக்காரரிடமே வாங்கினோம். அவர் தந்த லோன் வேண்டாமென்று அவள் தன் சம்பளம் விழுகிற பேங்கில் கேட்டாள். இன்சூரன்சை வெளியே எடுத்தாள். சைட் சார்ஜை மட்டும் யாரும் விடவில்லை, கட்டினோம். பேங்க்காரர்கள் வீட்டைப் பார்க்க ஒருவரை அனுப்பி, தாசில்தார் ஆபீசில் ஒரு சான்று கேட்டு, அதில் ஒரு கையெழுத்துக் குறைகிறது என்று திருப்பி, இரண்டு மாதம் இழுத்தடித்தார்கள். அந்த இரண்டு மாதமும் அவள் ஷேர் ஆட்டோவில்தான் போய் வந்தாள். சாயந்தரம் வந்ததும் செருப்பைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்து, பேச்சு வருகிற வரைக்கும் கையைக் காட்டிக் காத்திருக்கச் சொல்வாள். நான் எதிரில் உட்கார்ந்திருப்பேன். லிஸ்ட் போட்டவன், சிஸ்டம் செய்தவன், சிரித்த மேனேஜர், எல்லாரையும் மனதுக்குள் கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டிருப்பேன். என் பெயரும் அந்த வரிசையில் வரும்.

வண்டி வந்தது. முதல் வாரம் அவளுக்குப் பயம் போகட்டும் என்று பக்கத்தில் நானும் உட்கார்ந்து போனேன். கண்ணாடியெல்லாம் ஏற்றி, ஏசி போட்டு, லாரி வரிசைக்கு நடுவில் அவள் நிதானமாக ஓட்டினாள். வெளியே புழுதி பறந்தது, உள்ளே வரவில்லை. அவள் மூச்சு எனக்குக் கேட்கவே இல்லை. அது கேட்காமல் இருந்து எத்தனை வருஷம் ஆயிற்று என்று யோசித்துக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. போனைக் காரோடு இணைத்து வைத்திருந்ததால் ஒரு பெண்ணின் குரல் வண்டி முழுக்கக் கேட்டது. கார் கம்பெனியிலிருந்து பேசுகிறாளாம், முதல் சர்வீசுக்கு வண்டியை வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்வார்களாம்.

"எந்த ஏரியா சார்?"

"ராயபுரம் பக்கம்ங்க" என்றேன்.

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் எனக்கே கேட்டது. அவள் இண்டிகேட்டர் போட்டு, வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, என் பக்கத்துக் கதவின் லாக்கை எடுத்துவிட்டாள்.

"எறங்கு. ராயபுரத்துக்கு நடந்து போ."

விளையாட்டு என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. இறங்கினேன். வண்டி நகர்ந்து போனது. நான் இரண்டு கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில், வாயில் மண்ணோடு நின்றுகொண்டிருந்தேன். ஒரு லாரி டிரைவர் மேலேயிருந்து எட்டிப் பார்த்து, "இன்னா நைனா, சண்டையா?" என்று கேட்டார்.

அந்தப் பெண் இன்னும் லைனில் இருந்தாள். போனைக் காதில் வைத்து, ஹாரன் சத்தத்துக்கு மேல் கத்தி, வீட்டு நம்பர், தெருப் பெயர், திருவொற்றியூர், சென்னை பத்தொன்பது என்று சொன்னேன். சரியாகக் கேட்கவில்லை சார் என்றாள். இன்னொரு முறை கத்தினேன். நாலு லாரி தள்ளி எங்கள் வண்டி இண்டிகேட்டர் போட்டபடி நின்றது. நான் இருமிக்கொண்டே அதை நோக்கி நடந்தேன்.