கடைசி வாரத்து அஞ்சலட்டை

கேரள எல்லையில், பாறசாலையில், பேருந்து வரும்வரை தேநீர்க்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். டிவியில் வினாடி வினா ஓடுகிறது. ஒரு காலத்தில் இதைப் பார்க்க ரோடு வரைக்கும் ஆள் நிற்குமாம். இப்போது வீட்டுக்கு வீடு கல்ஃபிலிருந்து வந்த டிவி. பெஞ்சில் நான் மட்டும்.

அடுத்த வாரம் கடைசி நிகழ்ச்சி. நேயர் கேள்விக்குச் சரியாக விடை எழுதியவர்களில் சிலருடைய பேரை அதில் வாசிப்பார்கள். கேள்வி எளிதுதான், எனக்குத்தான் தெரியவில்லை. கடை நடத்தும் கமலாக்கா அஞ்சலட்டையில் விடையை எழுதிவிட்டு, அனுப்புநர் இடத்தில் துபாயில் வேலை செய்யும் கணவரின் பேரை எழுதுகிறார். அந்தப் பேரை இதுவரை ஒருமுறைகூட வாசிக்கவில்லையாம்.

“உங்க பேரையே எழுதலாமே அக்கா?”

“என் பேரை இங்க எல்லாரும் விளிக்காவ. அங்க கம்பெனியில அவரை நம்பர் சொல்லியாக்கும் விளிக்காவ.”