பதினெட்டுப் பேருக்கு ஒரு மேசை

டென்மார்க்கில் கொஞ்சம் பெரிய விருந்து என்றால், நமக்கு முன்னாலேயே நம் பெயர் போய் உட்கார்ந்துவிடும். தட்டுக்கு மேலே சின்னதாக ஓர் அட்டை, அதில் கையால் எழுதிய பெயர். போர்கோர்ட் என்கிறார்கள். யாருக்குப் பக்கத்தில் யார் என்பதை விருந்து வைப்பவர் முடிவு செய்கிறார். வந்தவர்கள் தங்கள் பெயரைத் தேடிப்பிடித்து உட்காருகிறார்கள். நான் வந்த முதல் வருடம், எங்கள் சிற்றூரின் இளைஞர் மன்றம் வைத்த விருந்துக்கு ஹன்னே என்னை அழைத்துப்போனார். முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை பார்ப்பவர் அவர். உடற்பயிற்சிக் கூடத்தில் நீளமாக மேசை போட்டு, வெள்ளைக் காகிதம் விரித்து, ஊறுகாய் பாட்டில்களில் சாலையோரப் பூக்களைச் செருகியிருந்தார்கள். உணவு உருளைக்கிழங்கும் இறைச்சி உருண்டையும்தான். ஆனால் அந்தப் பையன்களும் பெண்களும் இரவல் கோட்டும் நீளப் பாவாடையுமாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்ததில் அது அரண்மனை விருந்தாகிவிட்டது. நான் என் பெயர் அட்டையை ஞாபகத்துக்கு இருக்கட்டும் என்று கைப்பையில் போட்டுக்கொண்டு ஹன்னேவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "உன் இடம் அங்கே" என்று கை காட்டினார். எனக்கு முகம் வெந்துபோனது. அந்த மூன்று சொற்களை எங்கள் ஊரில் வேறு தொனியில் கேட்டு வளர்ந்தவள் நான். போய்ப் பார்த்தால், என்னை ஒரு பல் மருத்துவருக்கும் அந்தக் கூடத்தைத் துடைக்கும் பெண்மணிக்கும் நடுவில் போட்டிருந்தார்கள்.

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில் யாரும் அட்டை எழுதுவதில்லை. எழுதாமலே எல்லோருக்கும் தெரியும். எங்கள் தெரு நிலம் வைத்திருப்பவர்களின் தெரு. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காலனி. அந்த நிலத்தில் நடவு நட்டு, களையெடுத்து, சில பேர் குத்தகைக்கும் எடுத்துப் பயிர் செய்பவர்களின் வீடுகள். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அறுப்பு நாளில் அவர்கள் எங்கள் கொல்லையில் தங்கள் பாத்திரத்தில் சோறு வாங்கிக்கொண்டு போய் வேலியோரம் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அங்கே போய் உட்காராதே என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. நானும் போனதில்லை. இப்போது ஒரே டீக்கடை, ஒரே கிளாஸ், ஒரே பஸ். மாறிவிட்டது என்று நான் டென்மார்க்கில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த மே மாத விடுமுறையில் ஊருக்குப் போனபோது அதை நம்பவும் ஒரு காரணம் கிடைத்தது. இரண்டு தெருவிலும் ஒன்பது ஒன்பது பேராகப் பதினெட்டு இளைஞர்கள் சேர்ந்து, காட்டாமணக்கு மண்டிக் கிடந்த வாய்க்காலைச் சுத்தம் செய்திருந்தார்கள். மூன்று வாரம் இடுப்பளவுச் சேற்றில் நின்றிருக்கிறார்கள். முன்னால் நின்று நடத்தியது ரேவதி. காலனிப் பெண், திருக்காட்டுப்பள்ளியில் மருந்துக்கடை வேலை. என் பெரியப்பா மகன் தியாகு அண்ணனின் பையன் பிரவீனும் அதில் இருந்தான். இவர்களுக்கு ஒரு விருந்து வைக்க வேண்டும், பிரியாணிப் பொட்டலம் கொடுத்து அனுப்பும் விருந்தல்ல, மேசை விரிப்பும் பூவும் பெயர் அட்டையுமாக ஒரு விருந்து என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதை அன்றைக்கே பதினெட்டுப் பேரிடமும் சொல்லியும் தொலைத்தேன்.

கையில் இருந்த பணம் குறைவு. அது எனக்கு உற்சாகமாகத்தான் இருந்தது. நூலகத்தில் சும்மா கிடந்த ஆறு மேசைகளைக் கேட்டு வாங்கிச் சமுதாயக் கூடத்தில் ஒட்டிப் போட்டேன். விரிப்புக்கு வெளுத்த எட்டு முழ வேட்டிகள். குளத்து அல்லிப் பூக்கள், அவற்றை வைக்கப் பித்தளைச் சொம்புகள். முருங்கைக்கீரை சூப், தேங்காய்ப்பால் சாதம், பட்டாணிக் குருமா, உருளை வறுவல், கடைசியில் பாயசம். யார் வீட்டுச் சமையல் என்ற பேச்சு வரக்கூடாது என்று வெளியூர்ச் சமையற்காரர் ஒருவரை அமர்த்தினேன். அவ்வளவு யோசித்தவள் பரிமாறும் ஆட்களின் கூலியை மிச்சப்படுத்தலாம் என்று, டென்மார்க்கில் செய்வதைப் போலச் சோற்றையும் குருமாவையும் பெரிய பாத்திரங்களில் நடுமேசையில் வைத்துவிட முடிவு செய்தேன். மிஞ்சிப்போன கல்யாணப் பத்திரிகைகளின் வெள்ளைப் பக்கத்தை வெட்டி, பதினெட்டுப் பெயர்களையும் என் பெயரையும் எழுதினேன். எங்கள் தெருவில் ஒன்று, காலனியில் ஒன்று என்று மாற்றி மாற்றி அடுக்கினேன்.

விருந்துக்கு முந்தைய நாள் காலை காப்பி குடிக்கும்போது தியாகு அண்ணன் அந்த அட்டைகளைப் பார்த்தார். ஒவ்வொன்றாக எடுத்துப் படித்துவிட்டு அதே வரிசையில் வைத்தார்.

"எல்லாரும் சேந்து தூர்வாருனாங்க, நல்ல விஷயம். அதோட விட்டுருக்கலாம்ல?"

"ஏண்ணே, ஒரு சாப்பாடுதானே."

"சாப்பாடுதான். நான் என்ன வேணாங்கறேனா?" என்றவர், டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "தொரராசு குத்தகைய இந்த வருஷம் என்ன பண்றதுன்னு யோசிக்கணும். மாத்தி விடலாமான்னு நாலு பேரு கேக்குறாங்க" என்றார்.

துரைராசு, ரேவதியின் அப்பா. அண்ணனின் இரண்டு ஏக்கரைப் பல வருடங்களாகக் குத்தகைக்கு எடுத்துச் சாகுபடி செய்கிறவர். அந்த வீட்டின் சோறு அந்த வயல்தான். அண்ணன் குரலை உயர்த்தவில்லை, என்னைப் பார்க்கக்கூட இல்லை. அன்று முழுவதும் பயத்தில் எதுவும் இறங்கவில்லை. நிறுத்திவிடலாம் என்றால் பதினெட்டுப் பேரிடம் என்ன காரணம் சொல்வது? நடத்தினால் வயல் போய்விடுமோ? எனக்கு அடுத்த வியாழக்கிழமை விமானம். எது உடைந்தாலும் அதன் சில்லு என் காலில் குத்தப்போவதில்லை. அது தெரிந்ததுதான் என்னை அதிகம் நடுங்க வைத்தது.

விருந்தன்று மாலை ஐந்து மணிக்கு எல்லாவற்றையும் அடுக்கிவிட்டுப் புடவை மாற்ற வீட்டுக்குப் போனேன். அரைமணி நேரத்தில் திரும்பியபோது அட்டைகள் இடம் மாறியிருந்தன. ஒரு பக்கம் முழுக்க எங்கள் தெரு, மறுபக்கம் முழுக்கக் காலனி. அண்ணன்தான் வந்துபோயிருக்கிறார் என்று நினைத்தேன். அட்டைகளைப் பழையபடி மாற்ற ஒன்றைக் கையில் எடுத்தபோது, சொம்பில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ரேவதி நிமிர்ந்தாள். நல்ல நீலப் பட்டுப் புடவை, தலை நிறையப் பூ.

"வச்சிருங்கக்கா. நான்தான் மாத்துனேன்."

"நீயா? ஏம்மா?"

"நீங்க வியாழக்கெழம ப்ளேன் ஏறிருவீங்க. நாங்க இங்கதான இருக்கணும்." கோபமாகச் சொல்லவில்லை, மாத்திரை எந்த வேளைக்கு என்று சொல்கிற குரல் அது. "இது பக்கத்துல இல்லக்கா, எதுத்தாப்ல. நாளைக்கு யாராச்சும் கேட்டா தனித்தனியாத்தான் உக்காந்தோம்னு சொல்லிக்கலாம்."

எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் கல்யாணப் பந்தியில் மேசைக்கு ஒரு பக்கம்தான் ஆள் உட்காருவார்கள், மறுபக்கம் பரிமாறுபவர்களுக்கு. இங்கே இரண்டு பக்கமும் நாற்காலி. நான் அட்டையில் எழுதிக் காட்ட நினைத்ததை, அவள் யாரும் குற்றம் சொல்ல முடியாதபடி நாற்காலியில் வைத்திருந்தாள். என் அட்டையைத் தேடினேன். மேசையின் முனையில், எந்த வரிசையிலும் சேராமல் தனியாக இருந்தது.

"உங்கள எந்தப் பக்கம் வைக்கிறதுன்னு தெரியலக்கா" என்றாள்.

ஆறரை மணிக்கு எல்லோரும் வந்துவிட்டார்கள். இஸ்திரி போட்ட சட்டை, இரவல் ஷூ. சேற்றில் நின்று ஒருவரையொருவர் வாடா போடா என்று கத்தியவர்கள், இப்போது சத்தமில்லாமல் பெயரைத் தேடி உட்கார்ந்தார்கள். சூப்பைக் கிண்ணங்களில் ஊற்றியே வைத்திருந்ததால் அது தடையில்லாமல் முடிந்தது. பிறகு சமையற்காரர் சாதத்தையும் குருமாவையும் நடுவில் வைத்துவிட்டுப் போனார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாலு பாத்திரம், நாலு கரண்டி, இரண்டு வரிசைக்கும் சேர்த்து. ரேவதி இவ்வளவு கவனமாகப் பிரித்து வைத்ததை நான் பரிமாறும் கூலியை மிச்சம் பிடித்துக் கெடுத்துவிட்டேன். யாரும் கை நீட்டவில்லை. பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்த தியாகு அண்ணன், வாசல் நிலையில் ஒரு கையை ஊன்றி நின்றார். நான் எழுந்து எல்லோருக்கும் பரிமாறியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் எல்லாம் சுமுகமாகப் போயிருக்கும். நான் எழுந்திருக்கவில்லை.

அப்போது பிரவீன், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "ரேவதி, குருமாவ இந்தப் பக்கம் தள்ளு. ஆறுது" என்றான்.

வாய்க்காலில் மண்வெட்டி கேட்டிருந்தாலும் அவன் அப்படித்தான் கேட்டிருப்பான். ரேவதி வாசலை ஒருமுறை பார்த்தாள். பிறகு கரண்டியை எடுத்துத் தன் தட்டில் குருமாவைப் போட்டுக்கொண்டு, பாத்திரத்தை அவன் பக்கம் நகர்த்தினாள். அவன் அதே கரண்டியால் போட்டுக்கொண்டான். அதற்குப் பிறகு எல்லாக் கைகளும் ஒரே நேரத்தில் நீண்டன. யாரோ சிரித்தார்கள், யாரோ வறுவலுக்குச் சண்டை போட்டார்கள். நான் அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. சமையற்காரரிடம், "சாப்பாடு பத்துமாய்யா?" என்று கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

நான் ஊரில் இருந்த மிச்ச நாட்களில் அவர் அந்த விருந்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிரவீனிடமும் பேச்சைக் குறைத்துக்கொண்டார். என்னைத் திருச்சி விமான நிலையம் வரை கொண்டுவந்து விட்டார். பருப்புப்பொடியும் ஊறுகாயும் பெட்டியில் சரியாக வைத்திருக்கிறேனா என்று கேட்டார். துரைராசுவின் குத்தகையைப் பற்றிக் கேட்க வழியெல்லாம் வாயெடுத்தேன். கேட்டால், அவர் மனதில் இல்லாததையும் நான் நினைவூட்டியதாகிவிடுமோ என்று பயந்து, வெயிலைப் பற்றிப் பேசினேன்.

இங்கே வந்த பிறகு தினமும் ரேவதிக்கு ஒரு செய்தி அனுப்பினேன். ஜூனில் மேட்டூர் அணை திறந்து, தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கும் வந்தது. அவள் அனுப்பிய படத்தில் வாய்க்கால் கரை தொட்டு ஓடியது. அப்பாவுக்கு ஏதாவது தெரிந்ததா என்று கேட்டேன். "இன்னும் ஒண்ணும் சொல்லலக்கா. வெத நெல்லு வாங்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்காரு" என்று பதில் வந்தது. அன்றைக்குத்தான் அண்ணனுக்குப் போன் போடும் துணிச்சல் எனக்கு வந்தது. வேலைக்கு நடுவே, இல்லத்தின் துணி துவைக்கும் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன். விருந்து என்னுடைய யோசனை, அந்தப் பெண் அட்டைகளைத் தனித்தனி வரிசையாகத்தான் மாற்றி வைத்தாள், கோபம் இருந்தால் என் மேல் காட்டுங்கள் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"ஒம்மேல என்னத்தக் காட்டறது? நீ எங்கயோ இருக்க" என்றார். பிறகு, "தொரராசு இந்தப் போகம் பண்ணட்டும். அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

ரேவதிக்கு அதை அப்படியே அனுப்பினேன். கும்பிட்ட கைகளின் படம் ஒன்று வந்தது, வேறெதுவும் வரவில்லை. அண்ணனின் 'அப்புறம்' எந்த மாதத்தில் வரும், தை அறுப்புக்கா அடுத்த சித்திரைக்கா என்று எனக்குத் தெரியாது. அவர்கள் அந்த ஒரு சொல்லோடு அங்கே இருக்கிறார்கள்.

அதற்குள் மணி பன்னிரண்டாகியிருந்தது. ஊழியர்கள் சாப்பிடும் மேசையில் போய் உட்கார்ந்தேன். எதிரில் ஹன்னே, நடுவில் அவித்த உருளைக்கிழங்குப் பாத்திரம். அதைக் கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்துகிறாயா என்று அவர் கேட்டார். நான் நகர்த்தினேன். என் கை நடுங்கிக் கரண்டி பாத்திரத்தில் கடகடவென்று தட்டியதை மேசையில் எல்லோரும் கேட்டார்கள்.

"குளிர்கிறதா? சன்னலைச் சாத்தட்டுமா?" என்று ஹன்னே கேட்டார்.

வெளியே நல்ல வெயில். ஆமாம், குளிர்கிறது என்றேன்.