வீம்புக்குச் சுமந்த காது

நான் பிறந்து சரியாகக் கண் திறப்பதற்குள் என் காதைக் கீறிவிட்டார்கள். உத்தரகோசமங்கைப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரில் அப்போது பெண்பிள்ளைக்கு அழகு என்றால் தோளைத் தொடும் காதுதான். மூக்கு சப்பையாக இருந்தால் மன்னித்துவிடுவார்கள். காது குட்டையாக இருந்தால் 'மூளி' என்று பெயர் வைத்துவிடுவார்கள். கீறிய ஓட்டையில் பஞ்சைத் திணிப்பார்கள். ஓட்டை பெரிதாகப் பெரிதாகப் பஞ்சும் பெரிதாகும். அப்புறம் குணுக்கு என்று ஈயத்தில் ஒரு வளையத்தை மாட்டுவார்கள். அந்தக் கனத்துக்குக் காது நாளுக்கு நாள் கீழே இறங்கும். புண்ணுக்கு வேப்பெண்ணெய் போடவும் ஈ ஓட்டவும் ஆத்தா பக்கத்திலேயே இருந்தாள். என் காது ஒருவழியாகத் தோளில் உரசியபோது, கல்யாண வீடுகளில் என்னை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி முன்னால் உட்கார வைத்தாள். அவளுக்கு அவ்வளவு பெருமை.

உண்மையைச் சொன்னால், எனக்கு அந்தக் காதைப் பிடிக்கவே பிடிக்காது. விறகுக்குப் போனால் கருவேல முள் அதற்குள் புகுந்து என்னை இழுத்து நிறுத்தும். மிளகாய்ப்பழம் பறித்த கையை மறந்து அதில் வைத்துவிட்டால் அன்றைக்கு முழுக்க எரிச்சல். ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் இந்த மாதிரிக் காதை அறுத்துச் சின்னதாகத் தைத்துவிடுகிறார்கள் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து எனக்கு அதே நினைப்பு. அய்யாவிடம் கேட்க நல்ல சமயம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குள் பரமக்குடி மாப்பிள்ளை என்னைப் பெண் பார்க்க வந்து காரியத்தைக் கெடுத்தார்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். மாப்பிள்ளைக்கு ஜவுளிக்கடையில் வேலை. கிராப்புத் தலை, கையில் கடிகாரம். எங்கள் வீட்டுக்குள் ஏதோ ரயில் வரப்போகிற மாதிரி அடிக்கடி மணி பார்த்தார். அவருக்கும் சேர்த்து அவருடைய தாய்மாமன் பேசினார். பெண் பிடித்திருக்கிறது, நிறம் பரவாயில்லை, உடம்பு கொஞ்சம் பூசினால் நன்றாக இருக்கும் என்று என்னைத் தலையிலிருந்து கால்வரை அளந்துவிட்டு, கடைசியில் விஷயத்துக்கு வந்தார்.

"பையன் டவுன்ல இருக்குறவன். நாலு பேரு பாக்குற எடம். இந்தக் காதோட கூட்டிக்கிட்டுப் போகக் கூச்சப்படுறான். கல்யாணத்துக்கு முன்னாடி அறுத்துத் தச்சுட்டா நல்லது."

"அதுக்கென்ன, தச்சிருவோம்" என்றாள் ஆத்தா.

எனக்கு அங்கேதான் சுருக்கென்றது. ஈ ஓட்டி, சீழ் துடைத்து, இத்தனை வருஷம் அவள் வளர்த்த காது. ஒரு வார்த்தையில் விட்டுக்கொடுத்துவிட்டாள். என் காது பற்றி அந்த வீட்டில் எல்லாரும் பேசினார்கள். அது ஒட்டிக்கொண்டிருந்த என்னை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் தாயார் எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் காது என் காதைவிட நீளம்.

"மொதல்ல அவுக ஆத்தாளுக்குத் தச்சுட்டு வரச் சொல்லுங்க. பெறகு நான் தச்சுக்கிறேன்" என்றேன்.

அந்த அம்மாள் இரண்டு காதையும் கையால் பொத்திக்கொண்டு, "ஏத்தா, எங்காதுக்கு என்ன கொறச்சல்?" என்றார். அய்யா மேல்துண்டால் வாயை மூடிக்கொண்டார். இருமலா சிரிப்பா என்று தெரியவில்லை. மாப்பிள்ளை மணி பார்த்தார். எல்லாரும் எழுந்துவிட்டார்கள்.

அதோடு போனது அந்தச் சம்பந்தம். ஆனால் நான் நன்றாக மாட்டிக்கொண்டேன். இனிமேல் ஆஸ்பத்திரிப் பக்கம் போனால், அந்த ஆளுக்காகத்தான் தைத்துக்கொண்டேன் என்று ஊர் சொல்லும். அவரும் கேள்விப்பட்டு, வழிக்கு வந்துவிட்டாள் என்று கிராப்பைத் தடவிக்கொள்வார். அதற்கு முள்ளில் மாட்டிச் சாகலாம். பிடிக்காத காதை எண்ணெய் தடவி மினுக்க ஆரம்பித்தேன். யாராவது பார்த்தால் தலையை வேண்டுமென்றே ஆட்டி நடப்பேன். காதில் தொங்கும் தண்டட்டி இன்னும் கனமாக வேண்டும் என்றுகூடக் கேட்டுத் தொலைத்தேன்.

அடுத்து வர இருந்த மாப்பிள்ளை வீட்டார் என் வாயைக் கேள்விப்பட்டுப் பாதி வழியிலேயே திரும்பிவிட்டார்கள். "காதத் தைக்க ஆசுபத்திரி இருக்கு. இவ வாயத் தைக்க எங்க போறது?" என்று ஆத்தா தெருவில் எல்லாரிடமும் கேட்டாள். வீட்டிலேயே இருந்துவிடுவேனோ என்று எனக்கும் பயம் இருந்தது. பயத்தைக் காட்டினால் மறுபடி காதைத் தைக்கச் சொல்லிப் பிடித்துக்கொள்வார்கள் என்று காட்டவில்லை.

ஒரு வழியாகப் பரமக்குடியாருக்கு வேறு இடத்தில் கல்யாணம் என்று சேதி வந்தது. அதற்கு என் அளவு சந்தோஷப்பட்டவர்கள் அந்தப் பந்தலில்கூட இருந்திருக்க மாட்டார்கள். அவர் தாலி கட்டிவிட்டார் என்று உறுதியாகத் தெரிந்த மறுநாள் காலை, "அய்யா, ஆசுபத்திரிக்குப் போவோம்" என்றேன்.

ஆத்தாவுக்கு வந்த கோபம் சொல்லி மாளாது. "ஏண்டி, இதை அன்னைக்கே செஞ்சிருந்தா இந்நேரம் பரமக்குடியில இருந்திருப்பியே."

"அன்னைக்கு அவுக கேட்டாக. இன்னைக்கு நான் கேக்குறேன்."

ராமநாதபுரம் போய்ச் சேரும்வரை பஸ்ஸில் திட்டிக்கொண்டே வந்தாள். மரத்துப்போக ஊசி போட்டு அறுத்துத் தைத்தார்கள். பெரிய கட்டுப் போட்டு அனுப்பினார்கள். ஊருக்குள் இறங்கியதும் என்னை மூளி என்றார்கள். போகட்டும் என்று விட்டேன்.

புண் ஆறிய பிறகு ஒரு மத்தியானம் வெறும் தரையில் ஒருக்களித்துப் படுத்தேன். கன்னம் முழுதாகத் தரையில் பட்டது. உறுத்தவும் இல்லை, இழுக்கவும் இல்லை. ஆத்தா தன் நீளக் காதில் தண்டட்டி ஆட, பக்கத்தில் உட்கார்ந்து மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். ரொம்ப நேரம் என்னையே பார்த்தாள்.

"அப்பிடிப் படுத்தா நல்லாருக்கா?"

"நல்லாருக்கு ஆத்தா."

"நான் வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து மல்லாந்துதான் படுக்குறேன்" என்றாள். கோபம் இல்லை, வருத்தம்கூட இல்லை, சும்மா சொன்னாள். இன்னும் கொஞ்சம் காம்பு கிள்ளினாள். பிறகு வாசலை ஒரு தரம் பார்த்துவிட்டுக் குரலை இறக்கிக் கேட்டாள்.

"அந்த டாக்டரு, வயசானவுகளுக்கும் தைப்பாராடி?"

எனக்கு அழுகை வந்துவிட்டது.