மறுபடி திறந்த குமிழ்

பம்பரம் என்று ஊரே கூப்பிடும் அவனால் ஓர் இடத்தில் கால் மணி நேரம் உட்கார முடியாது. முப்பத்தெட்டு வயதுக்குள் ஐந்து வேலை பார்த்துவிட்டான். அச்சகத்தில் எட்டு மாதம், பேருந்துப் பணிமனையில் ஒன்றரை வருடம்; மற்ற மூன்றும் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. "கால்ல சக்கரம் கட்டிக்கிட்டுப் பொறந்தவன்" என்பாள் அக்கா. ஆனால் பழைய ஸ்பீக்கர் பெட்டி ஒன்றை முன்னால் வைத்துவிட்டால், கால் ஆடினாலும் கை ஆடாது. அந்தக் கையைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அக்காவின் தையல் மெஷினுக்கு எதிரே, ஜன்னலோரம் அவன் மேஜை. அன்றைக்கு அதன்மேல் பல் டாக்டரம்மாவின் பெட்டிகள் இரண்டு. இடது பெட்டியில் மெல்லிய ஓசைகளைத் தருகிற ட்வீட்டர் பேசவில்லை. அதன் அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழைத் திருகினால் கரகரப்பு, அப்புறம் ஒன்றுமில்லை. டாக்டரம்மா நகர அரங்கத்தின் குழுவில் இருப்பவர். "இது சரியா வந்துச்சுன்னா அரங்கத்து ஸ்பீக்கர் எல்லாத்தையும் வருஷம் பூரா நீங்களே பாத்துக்கங்க தம்பி" என்று சொல்லியிருந்தார். ஐந்து மணிக்கு வருகிறார்.

காலையிலேயே குமிழின் பின்னால் இருந்த கன்ட்ரோலைக் கழற்றினான். எந்த ஒயர் எங்கே என்று மறக்காமலிருக்க, அக்காவின் டப்பாவிலிருந்து மூன்று நிற நூல் எடுத்துக் கட்டினான். மூடியைத் திறந்தால், வளையமாகச் சுற்றிய மெல்லிய கம்பி. அதன்மேல் உரசி நகரும் பித்தளை நாக்கு. இரண்டும் கறுத்துக் கிடந்தன. பஞ்சில் கறை நீக்கும் திரவம் தொட்டுத் துடைத்தான். பென்சில் ரப்பரால் தேய்த்தான். ஐம்பது முறை திருகினான். மாட்டிப் பாட்டுப் போட்டதும் அக்கா மெஷினை நிறுத்தினாள்.

"டேய், வந்துடுச்சுடா!"

மணி இரண்டு. இன்னும் மூன்று மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். அவனுக்கு ஆகாதது அதுதான்.

குமிழில் ஒன்று முதல் பத்து வரை எண்கள். இரண்டுக்குக் கீழே லேசாக ஒரு சுரசுரப்பு இருப்பதுபோல் பட்டது.

"எனக்குக் கேக்கலையே" என்றாள் அக்கா. "விடுடா. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்காத."

"ஒரே ஒரு தடவைக்கா."

திறந்தான். இந்த முறை உப்புத்தாள். நாலு இழுப்பில் கம்பி அறுந்தது. பற்றவைக்கலாமென்றால் அந்தக் கம்பியில் ஈயம் ஒட்டாது. மாற்றுச் சாமான் எங்கும் கிடைக்காது. வியர்த்து வழிய மூடி மாட்டிப் பார்த்தான். இரண்டுக்கு மேலே எல்லாம் கணீரென்று இருந்தது. கீழே மட்டும் ட்வீட்டர் ஊமை. அவ்வளவு குறைத்து வைத்து யார் கேட்கப் போகிறார்கள்?

"யாருக்கும் தெரியாது" என்றான்.

அவன் வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்தான். பதினேழு தடவை, அக்கா எண்ணிக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா வந்தார். ஒரு பாட்டு முழுக்கக் கண்ணை மூடிக் கேட்டார். "சொத்தைப் பல்லை எடுத்த மாதிரி இருக்கு தம்பி. அரங்கத்துக்கு எப்ப வர்றீங்க?"

"இரண்டுக்குக் கீழ வராது டாக்டரம்மா." வார்த்தை தானாக விழுந்தது. "மதியமே நல்லாத்தான் இருந்துச்சு. திரும்பத் திறந்து நான்தான் அறுத்துட்டேன்."

அவர் எழுந்து குமிழைத் திருகினார். இரண்டு வந்ததும் மெல்லிய ஓசை நின்றது.

"சொல்லலைன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதே?"

"எனக்குத் தெரியுமே. கை அரிச்சுக்கிட்டே இருக்கும்."

டாக்டரம்மா அவனுடைய ஆடும் காலைப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு ராவி, நல்ல பல்லு ஒண்ண நானும் கெடுத்திருக்கேன்" என்றார். "அரங்கத்துல இருபத்திரண்டு பெட்டி. சரியாயிட்டா மறுபடி திறக்கக்கூடாது. சம்மதமா?"

"சம்மதம்."

சொல்லும்போதே அவன் கை வலது பெட்டியின் குமிழுக்குப் போய்விட்டது. அக்கா அளவுகோலால் விரல் மேல் ஒன்று வைத்தாள்.

"அது நல்லாத்தான் இருக்கு. எடுடா கையை!"