வட்டத்துக்குள் யார் நிற்பது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் மனைவியின் தங்கை மலரை ஒரு போன் விளையாட்டு டீமிலிருந்து நீக்கினேன். சம்பளமா, சீட்டுப் பணமா... ஒன்றுமில்லை. வெறும் விளையாட்டு. ஆனாலும் சொல்லி முடித்து போனை வைத்தபோது எனக்கு அப்படியோர் அலுப்பு.

எங்கள் டீமில் நான்கு பேர். ஹாலிஎலயில் த்ரீவீல் ஓட்டும் என் மச்சான் ரவிதான் கேப்டன். பதுளையில் புடவைக்கடை வைத்திருக்கும் நான். பக்கத்து பேக்கரி நிசாம். நான்காவது மலர், ரவியின் சொந்தத் தங்கை.

மலருக்கு நமுனுகுல பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் வேலை. கொழுந்து பறிக்கப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பிள்ளைக் காம்பராவில் பார்த்துக்கொள்கிறாள். அவள் குடியிருக்கும் லயத்தில் சிக்னல் கிடையாது. ஞாயிறு மத்தியானம் சிக்னல் கிடைக்கும் தண்ணீர்த் தாங்கிப் பக்கம் போய், மழையென்றால் குடையோடு, நின்றபடியே விளையாடுவாள்.

ஆட்டம் ரொம்ப எளிது. மைதானத்தின் நடுவில் ஒரு வட்டம். அதற்குள் நம் ஆள் ஒருவர் நின்றுகொண்டே இருந்தால் பாயின்ட் ஏறும். அவ்வளவுதான். எதிரிகளில் எத்தனை பேரைச் சுட்டாலும், வட்டத்தில் ஆளில்லை என்றால் ஜெயிக்க முடியாது.

ஆனால் வட்டத்துக்குள் நிற்பவருக்குத்தானே எல்லாக் குண்டும் வரும்? எனவே நாங்கள் மூவரும் வீரத்தோடு வெளியே ஓடிக்கொண்டிருப்போம். மலர் உள்ளே நிற்பாள். சாவாள். மறுபடி வந்து நிற்பாள். கையில் மிச்சமிருக்கும் மருந்துப் பெட்டியையும் எனக்கு எறிந்துவிட்டுச் சாவாள்.

ஆட்டம் முடிந்ததும் திரையில் ஒரு பட்டியல் வரும். யார் எத்தனை பேரைச் சுட்டார்? ரவி மேலே. மலர் எப்போதும் அடியில்.

பண்டாரவளை டீமோடு போட்டி என்றதும் ரவிக்கு அந்தப் பட்டியல் உறுத்த ஆரம்பித்தது. "அவ சும்மா மரமாட்டம் நிக்கிறா மச்சான். நீங்க சொன்னா கேட்டுக்குவா" என்றான். அண்ணன்காரனுக்குத் தங்கையிடம் சொல்ல வாயில்லை. அத்தான் சொல்ல வேண்டுமாம்!

சொன்னேன். மலர் கோபப்படவில்லை. தனக்கும் நின்று நின்று அலுத்துவிட்டது என்றாள். பிறகு ஒன்று கேட்டாள்.

"சரிங்க அத்தான். உள்ள யாரு நிக்கப் போறா?"

பார்த்துக்கொள்வோம் என்று மழுப்பினேன்.

எங்கள் கோயில் திருவிழாக் கமிட்டியிலும் இதே கதைதான். மைக் பிடிக்க அடிதடி. பந்தி முடிந்து அண்டா கழுவ யார் என்று கேட்டுப் பாருங்கள்... எல்லோருக்கும் போன் வந்துவிடும். கழுவுகிறவர் கழுவிக்கொண்டே இருப்பார். வருஷக் கடைசியில், அவர் கமிட்டிக்கு என்ன செய்தார் என்று ஒருவர் எழுந்து கேட்பார்.

போட்டி நாள் வந்தது. மலரின் இடத்தில் ரவியின் த்ரீவீல் ஸ்டாண்டிலிருந்து ஒரு சூரர். பண்டாரவளைக்காரர்களைச் சுட்டுத் தள்ளினோம். "நீ உள்ள போ", "நீங்க போங்க" என்று ஒருவரையொருவர் ஏவிக்கொண்டே தோற்றோம்.

ஏனென்றால் அவர்கள் பக்கம் ஒரு ஆள் வட்டத்தை விட்டு அசையவே இல்லை. நான் சுட்டேன். விழுந்த உருவம் திரும்ப வந்து நின்றது. தலைக்கு மேலே பெயர் தெரிந்தது. மலர்.

ஆட்டம் முடிந்த கையோடு ரவி அவளுக்கு போன் போட்டுக் குதித்தான். சொந்த அண்ணனுக்கு எதிராகவா என்றான். ஸ்பீக்கரில் நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். மலர் குரலை உயர்த்தவே இல்லை.

"கூப்பிட்டாங்க, போனேன். அவங்கள்ல ரெண்டு பேரு எப்பவும் என் பக்கத்துலயே நின்னு காவல் காக்கிறாங்கண்ணே. நம்ம டீம்ல யாராவது அப்படி நின்னீங்களா?"

ரவி போனை வைத்தான்.  எனக்கு வெட்கமாக இருந்தது.

வெட்கப்பட்டால் மட்டும் போதுமா? வட்டத்துக்கு ஆள் வேண்டுமே. ரவிக்குக் குறி நன்றாக இருக்கிறது, நிசாமுக்கு வேகம் இருக்கிறது, சூரர் சூரர். வயதும் மூட்டுவலியும் எனக்குத்தான். ஆக, நான் என்று முடிவானது. போனில் ஓடுவதற்கும் மூட்டுவலிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கும் தெம்பு எனக்கு இல்லை.

போன ஞாயிறு மறுபடியும் பண்டாரவளையோடு ஆட்டம். நான் உள்ளே நின்றேன். நான்கு பக்கமும் குண்டு. செத்தேன். வந்தேன். செத்தேன். என் ஆட்கள் எங்கேயோ தூரத்தில் வீரம் காட்டிக்கொண்டிருந்தார்கள். இத்தனை நாள் அந்தப் பெண் இதையா சகித்துக்கொண்டிருந்தாள்?

கடைசியில் மலர் வட்டத்துக்கு வந்தாள். இரண்டு பக்கமும் அவள் காவல்காரர்கள். எனக்கு எதிரே நின்று, சுடாமல், ஏதோ டைப் செய்தாள். திரையில் வந்தது.

"அத்தான், தனியாவா நிக்கிறீங்க?"

அன்றைக்கு என்னை ஒருவர் விசாரித்தது அந்த ஒரு தடவைதான். விசாரித்துவிட்டுத்தான் சுட்டாள்.