என் தண்ணீர் அவர் முதுகில்

ஆழ்வார்பேட்டை வீட்டில், மலையேற்றத்துக்காக நான் கட்டி வைத்திருந்த பையைத் தூக்கிப் பார்த்தார் என் கணவர்.

"இதைத் தூக்கிண்டு நீ ஏறிடுவியாக்கும்? தண்ணியை எங்கிட்ட குடு" என்று என் பாட்டில்கள் இரண்டையும் தன் பைக்குள் திணித்துக்கொண்டார். மலைக்குப் போகும் வேனில் இதைச் சொல்லக் கேட்ட அவருடைய நண்பர்கள், "கொடுத்து வச்சவங்க நீங்க" என்றார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மலையில் நண்பர்களோடு அவர் வேகமாக முன்னால் போய்விட்டார். போனில் சிக்னல் இல்லை. பாதி வழியில் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கண் இருட்டிப் பாறையில் சரிந்துவிட்டேன். இறங்கி வந்த, முன்பின் தெரியாத ஒரு பெண் தன் பாட்டிலை என் வாயில் வைத்திருக்காவிட்டால், இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

தட்டுத் தடுமாறி உச்சிக்குப் போனபோது, போட்டோ எடுப்பதற்காக என் கணவர் என் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டிருந்தார்.

"எவ்ளோ நாழி? எல்லாரும் உனக்காகக் காத்துண்டிருக்கோம்" என்றார்.

இப்போதும் அவரோடு மலைக்குப் போகிறேன். என் தண்ணீரை நானேதான் சுமக்கிறேன். போன முறை அவருடைய பாட்டில் பாதியிலேயே காலியாகிவிட்டது. "ஒரு வாய் குடேன்" என்று கை நீட்டினார்.

அவர் கண்ணெதிரே நிதானமாக முகம் கழுவிக்கொண்டேன்.