களத்தில் ஏறிய ஹீல்ஸ்

முப்பது வருஷம் சினிமா பி.ஆர்.ஓ. வேலை பார்த்தவன் நான். நடிகைகள் மேடையில் சட்டென்று அடிக்கும் ஜோக்குகளில் பாதி, முந்தின நாளே நான் எழுதிக் கொடுத்தவை. அந்தத் தலைக்கனத்தோடுதான் ஒரு ஷூட்டிங்குக்காக ஜவ்வாது மலை ஏறினேன்.

கதாநாயகியை மேடம் என்றே சொல்கிறேன், பெயர் வேண்டாம். பிரேக்கில், சாமை குவித்திருந்த களத்தில் அவரை நிற்க வைத்து ஸ்டில் எடுக்க ஆசைப்பட்டேன். அவர் செருப்பைக் கழற்றப் போனார். "வேணாம் மேடம், ஹீல்ஸ் இருந்தாத்தான் போஸ் நிக்கும்" என்ற மேதை நான்தான்.

சாணி மெழுகிய தரையில் வரிசையாகக் குழி விழுந்தது. களத்துக்குச் சொந்தக்காரர் சின்னப்பாப்பா ஓடி வந்தார்.

"இன்னாம்மா இது, செருப்போட ஏறிட்ட? சோறு போடற எடம்மா! நாங்களே வெறுங்காலோடதான் ஏறுவோம்."

சின்னப்பாப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. யாரோ அதை செல்போனில் எடுத்துப் போட்டார்கள். மதியத்துக்குள் மேடத்துக்குத் 'திமிர் பிடித்தவள்' என்று பெயர். பத்து வருஷம் சேர்த்த நல்ல பெயர் போய்விடும் போலிருந்தது.

மேடம் பதிலுக்குப் போட ஒரு ஜோக்கை, நான் ஜீப்பில் உட்கார்ந்து அவசரமாக எழுதினேன்: "மலை மேலயும் டிராஃபிக் போலீஸ்! செருப்புக்கு ஃபைன் போடுறாங்க!"

மேடம் படித்தார். "இதுல யாரைப் பார்த்து சிரிக்கணும் சார்? அந்த அக்காவையா?"

எழுதின தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன். மேடம் வெறுங்காலோடு சின்னப்பாப்பாவிடம் போய், "தப்பு என்னுதுக்கா, மன்னிச்சிடுங்க" என்றார். முறத்தை வாங்கிச் சாமை தூற்றினார். உமி முழுக்க அவர் முகத்திலேயே அப்பியது.

"காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாக்க வேணாமா?" என்று சின்னப்பாப்பாவே சிரித்துவிட்டார்.

உமி முகத்தோடே மேடம் வீடியோ போட்டார். "பத்து வருஷமா விவசாயி பொண்ணா நடிக்கிறேன். களத்துல செருப்பு போடக் கூடாதுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. இத்தனை நாள் என் நடிப்பை நம்பினவங்ககிட்டயும் மன்னிப்பு கேட்டுக்கறேன்."

திட்டியவர்களே சிரித்தார்கள். செருப்பு யார் சொல்லிப் போட்டது என்று நிருபர்கள் கேட்டபோது, "கால் என்னுதுதானே" என்று முடித்துவிட்டார். என்னைக் கைகாட்டியிருந்தால் ஒரே வரியில் தப்பியிருப்பார். எனக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் சின்னப்பாப்பாவிடம் போய் உண்மையைச் சொன்னேன்.

"தெரியும் சார், நீ சொன்னத நான்தான் பாத்துனு இருந்தனே. அந்தம்மாதான் வெளிய சொல்ல வேணாம்னுச்சு."

நகைச்சுவையால் பெயரைக் காப்பாற்றலாம் என்பது எனக்கு முன்பே தெரியும். அடி தன்மேல் விழும்படி சிரிக்க வைப்பவரைத்தான் ஜனங்கள் நம்புகிறார்கள் என்பதை அன்றுதான் கற்றேன்.

சின்னப்பாப்பா ஒரு சாணி வாளியை என் பக்கம் தள்ளினார். "குழியெல்லாம் நீயே மெழுகிட்டுப் போ சார்."

மெழுகினேன். சரியில்லை என்று இரண்டாவது முறையும் மெழுக வைத்தார்.